குழூஉக்குறியும் இசைக்குறியும்: இசை எழுதும் மென்பொருள்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கும் நன்னூல் மரபிலே, குழூஉக்குறிக்குக் காட்டப்படும் உதாரணங்கள் யாவரும் அறிந்தவையே. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர். யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பர். ஒரு கூட்டத்தார் தமது பேச்சு அயலாருக்கு விளங்காதிருத்தற்பொருட்டு வழங்குவது குழூஉக்குறி என்பது பொதுவான விளக்கம். இது முழு உண்மையன்று. பொதுமொழியிற் சொல்லில்லாத நுட்பமொன்றைத் தமக்குள் விரைந்து சுட்டுதற்கும் தொழிலாளர் சொல் ஆக்குவர். முன்னையது மறைக்கும் சொல். பின்னையது காட்டும் சொல். இசைத் தொழிலிற் பிறந்த குழூஉக்குறிகளுட் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

நம்மிடையே வழங்கும் 'கட்டை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு பாடகிக்கு ஐந்து கட்டைச் சுருதி என்றால் கச்சேரிக்காரருக்கு உடனே விளங்கும். எந்த இசையிலக்கணமும் இச்சொல்லை வகுத்துத் தரவில்லை. ஆர்மோனியத்தின் மரக்கட்டைகளை ஒன்று, இரண்டு என எண்ணிய பழக்கத்திலிருந்து இது பிறந்தது. முதற் கட்டை மேல்நாட்டார் 'சி' என்பது. ஐந்தாங் கட்டை 'ஜி'. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என அரைகளாயின. ஐரோப்பாவிலிருந்து வந்ததொரு கருவியின் உடலுறுப்பு, கருநாடக இசைக்காரரின் நாவில் அளவுகோலாயிற்று. கருவி, சொல், இசை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு ஆக்குகின்றன என்பதற்கு இதனிலும் எளிய சான்று வேண்டியதில்லை.

இவ்வுறவு இன்று ஒரு புதிய களத்தை அடைந்துள்ளது. இசையை எழுதுதற்கும், எழுதியதை அக்கணமே ஒலிக்கச் செய்தற்கும் உரிய கணினி மென்பொருள்களே அக்களம். பினாலே 1988 இலும், சிபேலியஸ் 1993 இலும், டொரிக்கோ 2016 இலும் வெளிவந்தன. இலவச மென்பொருளான மியூஸ்கோர் 2002 அளவில் உருப்பெறத் தொடங்கியது. இவை வெறுங் கருவிகள், எழுதுகோலும் தாளும் போன்றவை, எனப் பலர் கருதுவர். அக்கருத்தோடு எமக்கு உடன்பாடில்லை. எழுதுகோல் தன்னைப் பிடித்தவனிடம் ஒரு சொற்பட்டியலை நீட்டி, இதிலொன்றைத் தெரிவுசெய் எனக் கேட்பதில்லை. இம்மென்பொருள்கள் கேட்கின்றன. ஆதலின் அவற்றை ஒரு நூலை விமர்சிப்பதுபோல விமர்சிக்கலாம். அவ்வாறு விமர்சிக்கவும் வேண்டும்.

மேல்நாட்டு வாத்தியக்காரரின் குழூஉக்குறிகள் சுவையானவை. ஜாஸ் இசைஞர் தம் வாத்தியத்தைக் 'கோடரி' என்பர். தனிமையில் நெடுநேரம் சாதகஞ் செய்வதற்கு 'விறகுக் கொட்டிலுக்குப் போதல்' என்று பெயர். வாசிப்புத் திறனைக் குறிக்கும் 'சொப்ஸ்' என்னுஞ் சொல், எக்காளம் ஊதுவோரின் தாடைக்கும் உதட்டுக்கும் வழங்கிய பேச்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கில நாட்டு வாத்தியக்காரர் எழுதப்பட்ட இசையைப் 'புள்ளிகள்' என்று இலேசாகச் சொல்வர். இவை பேச்சோடு நின்றுவிட்டன. வேறு சில நிற்கவில்லை. சுரத்தை அதன் கீழிருந்து வழித்தெடுத்து அடைவது 'ஸ்கூப்'. மேலிருந்து அதன்மீது விழுவது 'ப்ளொப்'. சுரத்தை ஒலித்தபின் கீழே சரிவது 'ஃபோல்'. மேலே வளைந்து மறைவது 'டொய்ற்'. இச்சொற்கள் ஜாஸ் வாத்தியக் குழுக்களில் வழங்கியவை. இசையை அமைத்தோரும் பிரதி செய்தோரும் இவற்றுக்கு வளைகோடுகளை இட்டுத் தாளில் எழுதத் தொடங்கினர். இன்று மேற்கூறிய மென்பொருள்களின் குறித்தட்டுகளில் இவை நான்கும், மொஸாற்றின் காலத்து அலங்காரக் குறிகளுக்கு அயலில், அதே உரிமையோடு அமர்ந்திருக்கின்றன. சங்கீதக் கல்லூரிகள் நெடுங்காலம் வாயிலில் நிறுத்திவைத்த கறுப்பு அமெரிக்கரின் இசைப்பேச்சு, கணினித் திரையில் இலக்கணமாகியுள்ளது. குழூஉக்குறி இசைக்குறியாகும் இத்தோற்றப்பாடு நாம் மனங்கொள்ள வேண்டியது.

ஆனால் இலக்கணமாகும்போது சொல் எதனை இழக்கின்றது? 'ஸ்விங்' என்பதை நோக்குக. இரண்டு சமமான குறுஞ்சுரங்களாக எழுதப்பட்டதை முதலாவது நீண்டும் இரண்டாவது குறுகியும் ஒலிக்குமாறு வாசித்தல் அது. எவ்வளவு நீளம்? வாசிப்போனைப் பொறுத்தது, பாட்டின் விரைவைப் பொறுத்தது, பக்கத்தில் முரசு அடிப்பவனைப் பொறுத்தது. மென்பொருளுக்கு இவ்விடை போதாது; அதற்கு எண் வேண்டும். ஐம்பது விழுக்காடு என்றால் சமம். அறுபத்தேழு என்றால் மூன்றில் இரண்டு. சிபேலியஸ் ஒருபடி மேற்சென்று ஸ்விங், ஷஃபிள், றெகே, சம்பா, வியன்னா வோல்ற்ஸ் எனத் தாளவுணர்வுகளின் பட்டியலொன்றையே தருகின்றது. இறுதியிற் சொன்னதைத் தெரிந்தால், இரண்டாவது அடி சற்று முந்தி விழும். வியன்னாவின் வாத்தியக்காரர் தலைமுறை தலைமுறையாக எழுதாமற் காத்த ஓர் உள்ளூர்ப் பழக்கம், ஒரு தொடுகையிற் கிடைக்கின்றது. இது சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒவ்வொரு இரண்டாவது அடியும் ஒரே அளவாக முந்துமாயின் அது முந்துதல் அன்று, வேறொரு தாளம். 'பின்சாய்ந்து வாசி' என ஜாஸ் இசைஞர் ஒருவர் மற்றவரிடம் சொல்லும்போது, அவர் குறிப்பது ஓர் அளவையன்று, ஓர் உறவை. யாரோ ஒருவர் நேராக நிற்கும்போதுதான் மற்றவர் சாய முடியும். மென்பொருளில் எல்லா வாத்தியங்களையும் வாசிப்பது ஒரே கடிகாரம். அங்கே சாய்வதற்குத் தோளில்லை.

இனி ஒலிகளின் பக்கம் திரும்புவோம். இங்கேதான் விடயம் கனதியாகின்றது. வெவ்வேறு கம்பனிகளின் மின்னிசைக் கருவிகள் தம்முட் பேசிக்கொள்ளுதற்கான 'மிடி' என்னும் பொதுவிதி 1983 இல் அறிமுகமானது. எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்னும் ஒழுங்கு 1991 இல் 'ஜெனரல் மிடி' என்ற பெயரில் வகுக்கப்பட்டது. இடங்கள் 128. அவற்றுள் 1 முதல் 8 வரை பியானோ வகைகள். 105 முதல் 112 வரையுள்ள எட்டு இடங்கள் 'இனக்குழு வாத்தியங்கள்' என்னுந் தலைப்பின் கீழ் வருவன: சித்தார், பாஞ்சோ, ஷமிசென், கோற்றோ, கலிம்பா, துருத்திக்குழல், நாட்டுப்புறப் பிடில், ஷெனாய். இந்தியாவும் யப்பானும் ஆபிரிக்காவும் ஸ்கொத்லாந்தும் எட்டு இருக்கைகளில் நெருங்கி அமர்ந்திருக்கின்றன. வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை, மிருதங்கம் இல்லை, தவில் இல்லை. இடம் போதாமையே காரணமெனின் மன்னிக்கலாம். ஆனால் அதே பட்டியலின் கடைசி எட்டு இடங்களைப் பார்த்தால் அச்சமாதானம் நிலைப்பதில்லை. 123 கடலோசை, 124 பறவையின் கீச்சொலி, 125 தொலைபேசி மணி, 126 ஹெலிகொப்ரர், 127 கைதட்டல், 128 துவக்குச்சூடு. 126 ஐயும் 128 ஐயும் இசைப்பட்டியலிற் காணும் இந்நாட்டு வாசகர் சிலரேனும் ஒரு கணம் தயங்கியே அப்பாற் செல்வர். அவ்வொலிகளைக் கற்றுக்கொள்ள எமக்குக் கணினி தேவைப்படவில்லை.

56 ஆம் இடத்திலுள்ள 'ஓர்க்கெஸ்ரா ஹிற்' பற்றி இங்கு ஒரு வார்த்தை. ஒரு வாத்தியக்குழு முழுவதும் ஒருங்கே எழுப்பும் ஒற்றை அதிர்வு அது. ஸ்ராவின்ஸ்கியின் 'நெருப்புப் பறவை' இசைத்தட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட ஒரு துண்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் ஃபெயார்லைற் என்னும் கருவியின் வழியாக நடன இசைக்குட் புகுந்து, பத்தாண்டு கழியுமுன்னரே ஒரு 'வாத்தியம்' எனப் பட்டியலிற் பெயர் பெற்றது. நூற்றுக்கு நெருங்கிய மனிதரின் ஒரு கண நேர உழைப்பு, ஒரு விரலின் கீழ்ச் சுருங்கியதைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான உருவகத்தை எந்தக் கவிஞனாலும் படைத்திருக்க முடியாது.

இவ்வொலிகள் உயிரற்றவை என்பதை மேல்நாட்டு இசைஞரே முதலில் உணர்ந்தனர். உணர்ச்சியற்ற இசையை 'மிடி போல ஒலிக்கிறது' என இகழ்வது அவர்களிடையே வழக்கமாயிற்று. தமிழில் மிடி என்றால் வறுமை என்பதை அவர்கள் அறியார். பொருத்தம் தற்செயலானதே, இருந்தாலும் பொருத்தமானது. அவ்வறுமையைப் போக்குதற்குப் பின்னர் உண்மை வாத்தியங்களின் ஒலிகளைச் சுரஞ்சுரமாகப் பதிவுசெய்த பெருந் தொகுதிகள் தோன்றின. 2022 டிசெம்பரில் வெளிவந்த மியூஸ்கோரின் நான்காம் பதிப்பு அத்தகைய ஒலித்தொகுதியொன்றை இலவசமாகவே வழங்கியது. அதிலே வயலின்கள் ஓரளவு மூச்சு விடுகின்றன. வசதியற்ற மாணவனுக்கு இது பெருங்கொடை.

கொடை எதனைப் பதிலாகக் கேட்கின்றது என்பதே வினா. புல்லாங்குழலின் தாழ்ந்த ஸ்தாயி மெல்லியது. மூன்று எக்காளங்கள் முழங்கும்போது அது கேளாது. வாத்திய அமைப்பு பயிலும் எவரும் ஆரம்பத்திலேயே அறிந்துகொள்ளும் உண்மை இது. ஆனால் திரையில் எழுதிக் கேட்பவனுக்கு அந்தக் குழல் தெளிவாகக் கேட்கும். ஏனெனில் அது தனியே, ஒலிவாங்கிக்கு அண்மையில், பதிவு செய்யப்பட்டது. ஊதுபவனுக்கு மூச்சு முட்டும் நீளத்தை இயந்திரம் களைப்பின்றி ஊதும். இதன் விளைவாக, மனிதர் வாசிப்பதற்காக எழுதுகிறோம் என எண்ணிக்கொண்டு இயந்திரம் வாசிப்பதற்கு எழுதும் ஒரு பழக்கம் உருவாகின்றது. முன்னர் எழுதுவோன் தன் செவிக்குள்ளே கேட்டான். ஐயம் தோன்றினால் வாத்தியக்காரனிடம் போய்க் கேட்டான். அக்கேள்வியின்போதுதான் குழூஉக்குறிகள் கைமாறின. இன்று அந்தப் போக்குவரத்து குறைந்துள்ளது.

இது கலை பற்றிய கவலை மட்டுமன்று, உழைப்புப் பற்றியதுமாகும். 2003 மார்ச்சில் நியூயோர்க்கின் பிறோட்வே இசைநாடக அரங்குகளின் வாத்தியக்காரர் நான்கு நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். பெரிய அரங்குகளில் ஆகக் குறைந்தது எத்தனை பேர் வாசிக்க வேண்டும் என்பதே பிணக்கு. அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தால் கணினியில் உருவாக்கிய வாத்திய இசையைக் கொண்டு நாடகங்களை நடத்தத் தயாரிப்பாளர் ஆயத்தமாயிருந்தனர். நடிகரும் மேடைத் தொழிலாளரும் மறியலைக் கடக்க மறுத்தமையாலேயே திரைகள் எழவில்லை. முடிவில் 24 முதல் 26 வரையிருந்த குறைந்தபட்ச எண்ணிக்கை 18, 19 ஆகச் சுருங்கியது. கையெழுத்திற் பிரதி செய்து வாழ்ந்தோர் அதற்கு முன்னரே தொழிலிழந்துவிட்டனர். அவர்களுக்காக எந்தத் திரையும் நிற்கவில்லை.

இவ்விடத்தில் நம்மவர் சிலர், 'ஆகவே நாதஸ்வரத்தையும் தவிலையும் அப்பட்டியலிற் சேர்ப்பதே எமது கோரிக்கை' எனக் கூறக்கூடும். இன உணர்வின் அடிப்படையில் எழும் இக்கோரிக்கையை அனுதாபத்தோடு நோக்கினாலும், அதனை ஏற்பதற்கில்லை. மிடி விதியின் அடிப்படை, விசைப்பலகையின் அடிப்படை: விரல் அழுந்தினாற் சுரம் தொடங்கும், எழுந்தால் முடியும். நாதஸ்வரத்தில் அப்படியொரு தொடக்கமோ முடிவோ இல்லை. ஏழு துளைகளின்மேல் விரல்கள் பாதி மூடிப் பாதி திறந்து அசைய, சீவாளியில் உதடும் மூச்சும் செய்யும் வேலையினாலேயே ஒரு சுரம் அடுத்த சுரத்துள் வழுக்கிச் செல்கின்றது. தோடியின் காந்தாரத்தை எந்தக் கட்டையின் மீதும் நிறுத்த முடியாது. அது நிற்பதற்கு இடமில்லை, அசைவதற்கு வெளியுண்டு. அளவெட்டியிலோ இணுவிலிலோ ஒரு வித்துவானை அமர்த்தி ஒவ்வொரு சுரமாகப் பதிவுசெய்து கணினியில் ஏற்றினாற் கிடைப்பது, நாதஸ்வரத்தின் குரலிற் பேசும் பியானோவாகவே இருக்கும். ஹெலிகொப்ரரின் அருகில் இடம்பெறாமையிலும் அது பெரிய அவமதிப்பு. சுரமொன்றைத் தனித்து வளைக்க இடமளிக்கும் புதிய மிடி விதி 2020 இல் வெளியானது உண்மையே. வளைக்க முடிவது வேறு. எப்படி வளைப்பதென அறிவது வேறு.

வேண்டுவது ஒலியன்று, குறி. இவ்விடத்தில் நாம் கசப்பான ஓர் உண்மையை எதிர்கொள்கிறோம். 1904 இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தெலுங்கில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல், கமகங்கள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் குறி வகுத்தது. கம்பிதம், ஸ்புரிதம் முதலிய சாஸ்திரப் பெயர்களோடு நொக்கு, ரவை, வளி, ஒதுக்கல், ஒரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்பனவும் அங்குள்ளன. இப்பெயர்களைக் காதாற் கேட்டாலே போதும். இவை ஏட்டிற் பிறந்தவையல்ல, வீணையின் தந்தியின்மீது வேலைசெய்த விரல்களின் பேச்சு என்பது புலனாகும். தந்தியை மெட்டின்மேல் ஒதுக்கினால் அது ஒதுக்கல். மேல்நாட்டாரின் ஸ்கூப்பும் ஃபோலும் போலவே இவையும் குழூஉக்குறிகள். அந்நூல் அவற்றை அச்செழுத்தில் ஏற்றியது. அதற்குமுன் 1890 களிலே சின்னசுவாமி முதலியார் சென்னையிலிருந்து நம் உருப்படிகளை ஐரோப்பிய ஐங்கோட்டு முறையில் வெளியிடும் பெருமுயற்சியில் ஈடுபட்டிருந்தார். தீட்சிதரை எழுதத் தூண்டியவர்களுள் அவரும் ஒருவர். இரு முயற்சிகளும் பிற்காலத்தாற் பின்பற்றப்படவில்லை. பின்னர் வந்த இசைநூல்களுட் பெரும்பாலானவை சுரத்தை மட்டும் அச்சிட்டு, கமகத்தைக் குருமுகத்திற்கு விட்டன. குருமுகம் உயர்ந்ததே. ஆயினும் ஜாஸ் இசைஞரின் குறிகள் மென்பொருளில் இடம்பெற்றமைக்குக் காரணம், அவை அதற்கு முன்னரே தாள்களில் தொடர்ந்து எழுதப்பட்டு, வாசித்தோருக்குப் பழக்கமாகி இருந்தமையாகும். நாம் எழுதுவதைக் கைவிட்டதை, எழுதாத கணினி மீது குற்றமாகச் சுமத்துதல் முறையன்று.

நமது சுரலிபியே கணினியிற் படும்பாட்டைப் பாருங்கள். காற்புள்ளி ஓர் அட்சரத்தையும் அரைப்புள்ளி இரண்டையும் நீட்டும். தாரஸ்தாயிக்கு மேற்புள்ளி, மந்தரத்திற்குக் கீழ்ப்புள்ளி. தமிழெழுத்தின் மேல் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. பகரத்தின் மேல் வைத்த புள்ளி தாரஸ்தாயிப் பஞ்சமமா, ப் என்னும் மெய்யா? பாடுபவர் தடுமாறார், இடம் நோக்கிப் பொருள் கொள்வார். கணினிக்கு அந்த நோக்கு இல்லை. தொல்காப்பியர் காலத்துப் புள்ளியும் இசைக்காரர் புள்ளியும் ஒரே இடத்திற்கு வழக்காடுகின்றன. தீர்க்க வேண்டியவர் நாமேயன்றி எந்த மேல்நாட்டுக் கம்பனியுமன்று.

எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்பது கடைசி வினா. 2024 ஓகஸ்ட் 26 அன்று பினாலேயை வெளியிட்டுவந்த நிறுவனம், அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இசையமைப்பாளர், ஆசிரியர், தேவாலயப் பாடகர் குழுவினர் என எண்ணற்றோர் அதனுள்ளே எழுதிவைத்தவை அந்நிறுவனத்துக்கே உரிய கோப்பு வடிவில் இருந்தன. ஓராண்டின்பின் புதிய கணினியில் அதனை இயக்க உரிமம் பெற முடியாது என்பதே முதல் அறிவிப்பு. எதிர்ப்பு எழுந்தமையால் அந்நிபந்தனை சில நாட்களுள் தளர்த்தப்பட்டது. அதற்கும் முன், 2012 இல் சிபேலியஸின் உடைமையாளரான அவிட் நிறுவனம் அதனை உருவாக்கியோர் பணிபுரிந்த இலண்டன் அலுவலகத்தை மூடியது. அங்கிருந்தோருட் பலரை ஸ்ரைன்பேர்க் நிறுவனம் சேர்த்துக்கொள்ள, அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கி டொரிக்கோவைச் செய்தனர். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இசையைக் கொண்டுசெல்லும் 'மியூசிக் எக்ஸ்எம்எல்' என்னும் பொதுவடிவம் 2004 முதல் உண்டு. சுரமும் சொல்லும் பெரும்பாலும் சேதமின்றிப் போய்ச்சேரும். எழுதியவர் நுணுகி அமைத்த பக்க ஒழுங்கும், ஒலிக்கென இட்ட நுண்குறிப்புகளும் வழியிற் சிந்தும். மியூஸ்கோரின் நிரல் யாவர்க்கும் திறந்தது. அதன் புதிய ஒலித்தொகுதி இலவசமேயாயினும் திறந்ததன்று; தருபவர் கதவை மூடினால் குறி எஞ்சும், ஒலி எஞ்சாது.

எட்டயபுரத்துப் புத்தகத்தைத் திறக்க எவரிடமும் உரிமம் பெற வேண்டியதில்லை. சென்னைச் சங்கீத வித்வத் சபை அதனைத் தமிழெழுத்திலும் வெளியிட்டுள்ளது. நமது இசைப்பயிற்சி நிலையங்களில் ஒதுக்கலுக்கும் ஒரிகைக்கும் உரிய குறியைப் பார்த்தவுடன் வாசித்துக்காட்டும் மாணவர் எத்தனை பேர் என்பதை இச்சஞ்சிகையின் வாசகர், தத்தம் நண்பரிடமே கேட்டறியலாம்.